அமெரிக்காவில் யூனியன்: விசாவில் வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவுக்கு வேலை விசாவில் வரும் நம்மவர்கள் பலர் யூனியன் என்ற பேச்சை எடுத்தாலே ஒதுங்கிப் போகிறார்கள். "அவங்க விசாவே கூடாதுன்னு சொல்றவங்க" என்று முன்னால் வந்தவர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். சேர்ந்தால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்ற பயமும் கூடவே இருக்கும். முதல் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

பாதி உண்மை எது என்று பார்ப்போம். 1886-ல் தொடங்கிய அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், லண்டனில் பிறந்து இங்கே குடியேறியவர். அப்படிப்பட்டவரே சீனத் தொழிலாளர்களை உள்ளே விடக்கூடாது என்று கடைசிவரை வாதாடினார். பின்னாளில் 1986-ல், ஆவணமில்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. காம்பர்ஸின் அமைப்பு வழிவந்த ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்ற பெரிய கூட்டமைப்பு அதை ஆதரித்தது. நடந்ததோ வேறு. தொழிலாளர்கள் சங்கம் வைக்கக் கிளம்பினால் போதும், "பேப்பரைக் காட்டு" என்று மிரட்ட முதலாளிகளுக்கு அந்தச் சட்டமே கைகொடுத்தது. அடி வாங்கிய பிறகுதான் கூட்டமைப்புக்குப் புரிந்தது. 2000 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் கூடி, அந்த அபராத முறையை நீக்க வேண்டும், ஆவணமில்லாதவர்களுக்குச் சட்டப்பூர்வ நிலை தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இன்றைக்குப் பெரிய சங்கங்கள் எதிர்ப்பது முக்கியமாக முதலாளியோடு கட்டிப்போடும் விசா முறையை. சம்பளம் குறைவு என்று கேட்டால் விசாவே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார், அதனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் சம்பளமும் சரியும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அதற்காக உறுப்பினர்களிடம் கசப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-ல் தெற்கு கலிபோர்னியாவில் ஒரு மின் நிறுவனம் ஐ.டி. ஊழியர்களை நீக்கியபோது, தங்கள் இடத்துக்கு விசாவில் வருபவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாக அவர்கள் சொன்னார்கள். அந்தக் கோபம் சில நேரம் முறைமேல் போகாமல் நம் முகத்தின்மேல் விழும். அதே சமயம், 2025 செப்டம்பரில், படித்துத் தேர்ச்சி பெற்றவர்களுக்கான எச்-1பி வேலை விசாவின் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் கார் தொழிலாளர்களின் யூ.ஏ.டபிள்யூ. சங்கமும் ஒன்று.

இந்தியத் தொழிலாளர்கள் இந்த விஷயத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் வெல்டர்கள், பைப் ஃபிட்டர்கள் என்று சுமார் 500 பேரை எச்-2பி என்ற தற்காலிக வேலை விசாவில் மிசிசிப்பிக்கும் டெக்சாஸுக்கும் கொண்டுவந்தது. கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம் என்ற வாக்கை நம்பி, கடன் வாங்கி ஏஜென்டுகளுக்கு ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் கட்டியிருந்தார்கள். வந்து பார்த்தால் ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை. அந்தப் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதம் 1,050 டாலர் பிடித்தம். 2008 மார்ச்சில் மிசிசிப்பியின் பாஸ்ககூலா ஊரில் இருந்த அந்த நிறுவனத்தின் யார்டிலிருந்து நூறு பேர் அளவில் வெளிநடப்புச் செய்தார்கள். வாஷிங்டன்வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி அவர்களில் ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது.

சரி, உங்கள் நிலைமைக்கு வருவோம். 1935-ம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியார் துறை ஊழியரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. விசாவில் இருப்பவரும் சங்கத்தில் சேரலாம், சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம். மேற்பார்வையாளர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், சொந்த ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள். மாணவராக வந்து பல்கலைக்கழகத்தில் டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்தால் உங்களுக்கும் சங்கம் இருக்கக்கூடும். 2022-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் செய்த வேலைநிறுத்தத்தில் வெளிநாட்டு மாணவர்களும் இருந்தார்கள். கிரீன் கார்டு படிவத்தில் எந்தெந்த அமைப்பில் உறுப்பினர் என்று கேட்பார்கள். யூனியனை மறைக்காமல் எழுதுங்கள். உறுப்பினராக இருப்பது மறுப்புக்குக் காரணம் ஆகாது, மறைப்பதுதான் சிக்கல்.

எச்-1பியில் வந்தவர்கள் விசாவுக்காக நிறுவனம் தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் எல்.சி.ஏ. என்ற தாளைக் கட்டாயம் படியுங்கள். அதில் வேலையின் பெயர், இடம், சம்பளம் எல்லாம் இருக்கும். வேலையில் சேரும் நாளுக்குள் உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். யூனியன் உள்ள இடமானால் அதன் பிரதிநிதிக்கும் அறிவிப்புப் போக வேண்டும். அந்த இடத்தில் அதே வேலைக்கு வேலைநிறுத்தம் நடக்கவில்லை என்றும் நிறுவனம் அதில் உறுதி கொடுக்கிறது. புராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்தாலும் சம்பளம் வந்தாக வேண்டும். பல கன்சல்டன்சிகள் இதைத்தான் பேசாமல் விட்டுவிடுகின்றன.

வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக மட்டும் விசா நிலை போகாது, விதியிலேயே அப்படி இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். சங்கம் வைத்ததற்காக வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம்தான், இருந்தாலும் இந்தப் புகார்களை விசாரிக்கும் அரசின் தொழிலாளர் வாரியத்தின் விசாரணை மெதுவாக நடக்கும். வேலை போன எச்-1பிகாரருக்கு வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அதனால் முன்னணியில் நின்று ஆள் சேர்க்க நினைத்தால், அதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞரிடம் வேண்டாம், அவர் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்.

சந்தா விஷயம் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் யாரையும் சந்தா கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நியூ ஜெர்சி, கலிபோர்னியாவில் தனியார் நிறுவன ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருக்கலாம். ஏற்கெனவே யூனியன் உள்ள இடத்தில் சேர்ந்திருந்தால், முதல் வாரத்திலேயே பிரதிநிதியிடம் ஒப்பந்தத்தின் பிரதி கேளுங்கள். விசா, குடியேற்ற வேலைகளுக்கு லீவு தரும் பிரிவு சில ஒப்பந்தங்களில் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பேச்சுவார்த்தையில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.