கேர் ஹோம் வேலைக்குப் புதிதா? உடல்நலத்தைக் கவனிக்க இப்படித் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) வேலைகளில் இப்போது தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். குளிக்க உதவுவது, உணவு கொடுப்பது எல்லாம் சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். பழக நாளாவது உடல்நலத்தைக் கவனிப்பதுதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் (இங்குள்ள தாள்களில் 'லேர்னிங் டிஸபிலிட்டி' என்றிருக்கும்) இந்த நாட்டில் மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். அந்த மரணங்களில் பல, நேரத்தோடு கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை.

படி 1: நீங்கள் கவனிப்பவருடைய வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு சாப்பிடுவார், எப்படித் தூங்குவார், சந்தோஷத்தில் என்ன ஒலி எழுப்புவார், வலி வந்தால் என்ன செய்வார்? கேர் பிளானில் (அவருடைய பராமரிப்புத் திட்டத் தாளில்) எல்லாம் இருக்காது. அவருடைய அம்மாவையோ அக்காவையோ, பல வருடம் கூட இருந்த ஊழியரையோ கேளுங்கள்.

படி 2: மாற்றம் தெரிந்தால் முதலில் உடலைச் சந்தேகியுங்கள்

பேச முடியாத ஒருவர் திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். பல்வலி, காதுவலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எதுவாகவும் இருக்கலாம். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று எழுதிவைத்து, அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லுங்கள்.

படி 3: மலம் கழிப்பதைக் கணக்கில் வையுங்கள்

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. மலச்சிக்கல் முற்றி இறந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மனநோய்க்கும் வலிப்புக்கும் தரும் மருந்துகள் சில குடலை மந்தமாக்கும். நடமாட்டம் குறைவு, தண்ணீர் குடிப்பது குறைவு, கழிப்பறையில் அவசரப்படுத்துவது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட் என்ற படத்தில் மலத்தை 7 வகையாகப் பிரித்திருப்பார்கள். 1, 2 என்றால் மலச்சிக்கல், 3, 4 இயல்பு, அதற்குமேல் இளகல். ஒவ்வொரு முறையும் தேதி, வகை, அளவு மூன்றையும் எழுதுங்கள். அவர் தானாகவே கழிப்பறைக்குப் போய்வருபவர் என்றால் இது எளிதில் விட்டுப்போகும். அவருக்குச் சங்கடம் தராத வழியைச் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். நாலைந்து நாள் எதுவும் போகாமல் இருந்து, அப்புறம் தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்காக இல்லாமலும் இருக்கலாம். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர் மட்டும் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்து, நாமாகவே மலமிளக்கியை நிறுத்திவிட்டால் நிலைமை மோசமாகும். நிறுத்துவதற்கு முன் ஜிபியிடமோ (குடும்ப டாக்டர்) நர்ஸிடமோ கேளுங்கள்.

படி 4: ஆண்டுப் பரிசோதனைக்குத் தயாராகப் போங்கள்

14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஜிபியிடம் வருடம் ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அதற்கு ஜிபியின் லேர்னிங் டிஸபிலிட்டி பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். மலக் குறிப்பு, எடை, வலிப்பு வந்த தேதிகள், மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் தைராய்டு பரிசோதனையையும் கேளுங்கள்.

கூட்டமில்லாத நேரம், கூடுதல் நிமிடங்கள், படம் போட்ட கடிதம் போன்றவற்றைத் தயங்காமல் கேட்கலாம். அவருக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்வது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி ஜிபி மருத்துவமனையின் கடமை. டாக்டர் உங்களைப் பார்த்தே பேசினால், "அவரிடமே கேளுங்கள், நான் உதவுகிறேன்" என்று சொல்லுங்கள். திரும்பும்போது, உடல்நலத்துக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஹெல்த் ஆக்‌ஷன் பிளானை வாங்கிக்கொண்டு, அதில் எழுதியதை யார், எப்போது செய்வது என்று கேர் பிளானில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: ஹாஸ்பிடல் பாஸ்போர்ட்

அவரைப் பற்றி மருத்துவமனை ஊழியர்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லும் சில பக்கங்கள் இவை. ஒவ்வாமை, விழுங்குவதில் சிரமம், வலியைக் காட்டும் விதம் எல்லாம் இருக்கும். மருந்து மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

வயிறு உப்பிக் கல் போல இருந்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு விட முடியாமல் திணறினாலோ, எழுப்பியும் விழிக்கவில்லை என்றாலோ உடனே 999 (ஆம்புலன்ஸ்). அவ்வளவு அவசரமாகத் தெரியவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றால் 111 (மருத்துவ ஆலோசனை எண்). இரவு ஷிஃப்டில் தனியாக இருந்தாலும் இந்த போனைச் செய்ய யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம்.