குழந்தைகளோடு ‘டாக்டர் ஹூ’ பார்க்கலாமா? முதன்முறை தொடங்கும் பெற்றோருக்கு

துணிக்கடை வாசலில் என் மகள் உள்ளே வராமல் நின்றுவிட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. புடவை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையைக் காட்டி, “அம்மா, அது நடக்குமா?” என்று கேட்டாள். டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி நீலப் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் கிரகங்களையும் கடந்து பயணம் போகும் பிரிட்டிஷ் தொடர் ‘டாக்டர் ஹூ’. முந்தைய நாள்தான் அதில் ‘ரோஸ்’ என்ற அத்தியாயத்தைப் பார்த்திருந்தோம். அந்த அத்தியாயத்தில் கடைப் பொம்மைகள் உயிர்பெற்று ஆட்களைத் துரத்தும். 2005-இல் தொடர் புதிதாகத் தொடங்கியபோது வந்த முதல் அத்தியாயம் என்பதால், யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். இப்போது இரண்டு பிள்ளைகளும் இந்தத் தொடரை விரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கலாம் என்றுதான் நானும் சொல்வேன். எதை, எப்போது, எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

ஒரே கதையுலகில் பல தொடர்கள் இருக்கின்றன. ‘டாக்டர் ஹூ’ குடும்பத்தோடு பார்ப்பதற்காக பிபிசி எடுத்தது. 2006-இல் வந்த ‘டார்ச்வுட்’ பெரியவர்களுக்கானது. பாலுறவு, ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. ‘டாக்டர் ஹூ’வில் வரும் கேப்டன் ஜாக்தான் அதில் நாயகன். “ஜாக் மாமா வர்ற இன்னொரு தொடர் இருக்காம்” என்று பிள்ளை கேட்டால் உஷாராகிவிடுங்கள். 2007-இல் தொடங்கிய ‘தி சாரா ஜேன் அட்வென்சர்ஸ்’ சிறுவர்களுக்காகவே எடுத்தது. ஏழு வயதுக்குக் கீழே என்றால் நேராக இதற்குப் போய்விடலாம்.

இந்தியாவில் ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+ என்று வயதுக் குறி காட்டுகின்றன. அதையும் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்தத் தொடரில் பயத்தின் அளவு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும்.

படி 2: முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை இந்தத் தொடர் முதலில் ஒளிபரப்பானது. பிள்ளைகளுக்கு வரலாறும் அறிவியலும் சொல்லித்தரும் நோக்கம் இருந்ததால், டாக்டரோடு பயணம் போகிறவர்களில் வரலாற்று ஆசிரியை ஒருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் இருந்தார்கள். ஆனால் இரண்டாவது கதையிலேயே டாலெக் என்ற, இயந்திர உருவம் கொண்ட கொடூர எதிரிகள் வந்துவிட்டார்கள். சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதைப் பார்த்ததாகப் பிரிட்டனில் இன்றும் சொல்வார்கள். ஆக, பயம் இந்தத் தொடரின் கூடவே பிறந்தது. பயமே இல்லாத அத்தியாயத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு கேள்விகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதல் கேள்வி: பயமுறுத்துவது எந்தப் பொருள்? பச்சைத்தோல் அரக்கனைப் பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். கடைப் பொம்மை, சிலை, நிழல் போன்றவை தினமும் கண்ணில் படுவதால் ராத்திரியிலும் கூடவே வரும். உங்கள் பிள்ளை ஏற்கெனவே எதற்குப் பயப்படும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி: அந்தப் பயம் கதைக்குள்ளேயே தீர்கிறதா? 2007-இல் வந்த ‘பிளிங்க்’ மிக அருமையான கதை. நாம் கண் சிமிட்டினால் கற்சிலைகள் நகர்ந்து கிட்டே வரும். ஆனால் முடிவில் ஊரில் உள்ள சிலைகளை வரிசையாகக் காட்டி, பயத்தை நம் தெருவுக்கே அனுப்பிவைத்துவிட்டுத்தான் முடிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

‘தி எம்ப்டி சைல்ட்’ இதற்கு நேர்மாறு. 1941-இல் குண்டுவீச்சுக்கு நடுவே இருக்கும் லண்டன். விஷவாயு முகமூடி போட்ட ஒரு சிறுவன் “நீ என் அம்மாவா?” என்று கேட்டபடியே வருவான். எனக்கே உடம்பு சில்லிட்டது. ஆனால் அடுத்த பாகமான ‘தி டாக்டர் டான்சஸ்’ஸில் அந்த அம்மா அவனை அணைத்துக்கொள்கிறாள், எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள், டாக்டர் சந்தோஷத்தில் குதிக்கிறார். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம். ஒரு நிபந்தனை: இரண்டு பாகத்தையும் ஒரே நாளில் பாருங்கள். முதல் பாகத்தோடு படுக்க அனுப்பினால் தூக்கம் வராது.

படி 3: ‘தி லெவன்த் அவர்’ அத்தியாயத்தில் தொடங்குங்கள்

2010-இல் வந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். டாக்டராக மேட் ஸ்மித் புதிதாக வருகிறார், அதனால் முன்கதை தெரிய வேண்டியதில்லை. ஏழு வயது அமெலியா தன் அறைச் சுவரில் உள்ள விரிசலுக்குப் பயந்து வேண்டிக்கொள்கிறாள். தோட்டத்தில் நீலப் பெட்டி ஒன்று வந்து விழுகிறது. அதிலிருந்து வரும் டாக்டர் கொடுப்பதையெல்லாம் துப்பிவிட்டு, கடைசியில் மீன் வறுவலைக் கஸ்டர்டில் தோய்த்துச் சாப்பிடுகிறார். என் மகன் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தான். பயந்த ஒரு குழந்தையின் பேச்சைப் பெரியவர் ஒருவர் நம்பிக் கேட்பதுதான் கதையின் தொடக்கம் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாக்டர் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை, கையில் இருப்பது ஒரு திருப்புளிதான்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கூரிய பற்களோடு ஓர் உருவம் சில இடங்களில் வரும். வளர்ந்த பிறகு அமெலியா வேடம் போட்டு, வாழ்த்துச் சொல்லி முத்தம் கொடுக்கும் வேலை பார்ப்பதாகவும் வரும். பிள்ளை கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருங்கள்.

படி 4: பகலில், பக்கத்தில் உட்கார்ந்து

விளக்கு எரியட்டும், ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். வசனம் வேகமான பிரிட்டிஷ் ஆங்கிலம், அதனால் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். அந்த நிறுத்தத்திலேயே பாதிப் பயம் போய்விடும். டாலெக்குக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து அதை நகர்த்துகிறார் என்று சொன்னதும் என் மகன் அதற்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டான். பிள்ளை போதும் என்றால் உடனே நிறுத்துங்கள். ஆனால் கதை எப்படி முடிகிறது என்று வாயாலாவது சொல்லிவிடுங்கள்.

படி 5: டாக்டர் மாறுவார் என்று முன்பே சொல்லுங்கள்

டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் வேறு உடம்பெடுப்பார். 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நிலை மோசமானபோது கண்டுபிடித்த வழி இது. 2005-இல் தொடங்கிப் பார்த்தால், பதின்மூன்று அத்தியாயத்திலேயே கிறிஸ்டோபர் எக்கில்ஸ்டன் போய் டேவிட் டென்னன்ட் வந்துவிடுவார். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது ஒரு சாவுதான். என் மகள் சொல்லியும் அழுதாள்.

பெரிய பிள்ளைகள் என்றால் ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ (2018) பாருங்கள். 1947 பிரிவினையின்போது ஓர் இந்து இளைஞனும் முஸ்லிம் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணம்தான் கதை. அதில் வேற்றுக்கிரகவாசிகள் கொலைகாரர்கள் இல்லை. கதையில் வரும் சாவும் மாறுவதில்லை, டாக்டராலும் தடுக்க முடிவதில்லை. வரைபடத்தை விரித்து எல்லைக்கோடு எப்படி வந்தது என்று முதலில் பேசிவிட்டு, அதற்குப் பிறகுதான் அதை என் மகளுக்குக் காட்டப்போகிறேன்.