சின்ன நாய்க்குப் பல் சுத்தம் செய்யும் குச்சி: எதைப் பார்த்து வாங்குவது?

பொமரேனியனுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதான், 42. ஷெப்பர்டின் நீளமான தாடையில் அவை தாராளமாக உட்காரும். எங்கள் சிட்டு நாலு கிலோ பொமரேனியன். அவளுக்கு அத்தனையும் குட்டித் தாடையில் அடங்கியாக வேண்டும். அதனால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சிலது கோணலாகத் திரும்பி நிற்கும். அந்த இடுக்குகளில் கிருமிகள் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகும். எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் படிந்தால் ஓரிரு நாளிலேயே காரையாக இறுக ஆரம்பிக்கும். படலத்தைத் தேய்த்து எடுக்கலாம். இறுகிய காரையை, நாய் மென்று தின்கிற இந்தக் குச்சியாலும் எடுக்க முடியாது, பிரஷாலும் எடுக்க முடியாது.

ஆக, குச்சிக்கு வேலை அந்த ஓரிரு நாளுக்குள்தான். வாரத்துக்கு ஒன்று என்று ஆசைக்குக் கொடுப்பது வெறும் தின்பண்டம். தினமும் கொடுக்கக் கட்டுப்படியாகிற ஒன்றைத்தான் தேட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருக்கிறதா, பல்லின் வேரோரம் பழுப்பேறியிருக்கிறதா, தொட்டால் ரத்தம் கசிகிறதா? அப்படியென்றால் முதலில் கால்நடை மருத்துவர், குச்சி அப்புறம். நோவு ஈறுக்கு அடியில் இருக்கும்; மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்தால்தான் அதை எட்ட முடியும். புண்ணான ஈறோடு எதையும் மெல்ல வைப்பது பாவம்.

சரி, வாய் நன்றாக இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது கடினத்தன்மை. கட்டை விரல் நகத்தால் குச்சியை அழுத்துங்கள். கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவே இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள். மேல்தாடையில் இரண்டு பக்கமும் பெரிதாக ஒரு கடைவாய்ப் பல் இருக்கும். நாய் கடினமான எதையும் அங்கே வைத்துத்தான் கடிக்கும். பொருள் வளைந்து கொடுக்கவில்லையென்றால் அந்தப் பல் பக்கவாட்டில் சில்லாகப் பிளந்துவிடும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, எலும்பு, கல்லாக இறுகிய பாலாடைக் கட்டி, கடின நைலான் பொம்மை எல்லாம் இந்த வகைதான். ‘இயற்கையானது’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கொம்பும் இயற்கைதான், பல் உடைந்தால் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ வேண்டியிருக்கும்.

ரொம்ப மிருதுவாக இருப்பதிலும் பயனில்லை. இரண்டு கடியில் தீர்ந்துபோகிற குச்சி எந்தப் பல்லையும் தேய்ப்பதில்லை. பல் உள்ளே இறங்க வேண்டும், ஈறு வரை போன பிறகே துண்டு உடைய வேண்டும். அந்த உரசல்தான் படலத்தை எடுக்கிறது. இது அட்டையைப் படித்தால் தெரியாது. சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கி, உங்கள் நாய் எப்படி மெல்லுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய துண்டாக விழுங்கப் பார்க்கிற நாயென்றால், குச்சியின் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளலாம், அல்லது வேறு வடிவத்துக்கு மாறலாம். பதனிடாத காய்ந்த தோலில் செய்த எலும்புப் பொம்மைகளை நான் வாங்குவதில்லை. ஊறிய துண்டு சின்ன நாயின் தொண்டையிலோ குடலிலோ சிக்கிக்கொள்ளும்.

அளவை அட்டையில் உள்ள எடை வரம்பு பார்த்தே எடுங்கள். பெரிய நாய்க்கானதைப் பாதியாக நறுக்கிக் கொடுத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதன் தடிமனும் கடினமும் பெரிய தாடைக்குக் கணக்குப் போட்டவை.

அட்டையில் தேட வேண்டியது வி.ஓ.எச்.சி. முத்திரை. வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில், தயாரிப்பாளர்கள் நடத்திய சோதனை முடிவுகளைப் பரிசீலித்துக் கொடுப்பது அது. படலத்துக்குத் தனியாகவும் காரைக்குத் தனியாகவும் கொடுப்பார்கள். எதற்கு என்று படியுங்கள். பொருள் பட்டியலில் பாலிபாஸ்பேட் வகை உப்புகள் இருக்கலாம். எச்சிலின் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக் காரை இறுகுவதைத் தள்ளிப்போடத்தான் அவற்றைச் சேர்க்கிறார்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மட்டும் இருக்கவே கூடாது, நாய்க்கு அது விஷம். புதினா வாசனைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. வாய் நாற்றம் நமக்கு ஒரு தகவல். அதை மணத்தால் மூடினால் நோய் தெரியாமல் போகும்.

அப்புறம் கலோரி. நாலு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 300 கலோரி போதும். தின்பண்டம் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 30. ஒரு குச்சியே அந்தப் பங்கை முழுதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படியானால் அன்றைக்கு வேறு பிஸ்கட் கிடையாது. சிட்டுவின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் மனசு இளகும்தான், இருந்தாலும் கிடையாது.

பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பல் முளைக்க ஆறு ஏழு மாதம் ஆகும். குட்டிக்குக் கொடுப்பதாக இருந்தால் அட்டையில் உள்ள குறைந்தபட்ச வயதைப் பாருங்கள்.

குச்சி பெரும்பாலும் கடைவாய்ப் பற்களைத்தான் தேய்க்கிறது. முன்பற்களுக்கும் கோரைப்பற்களுக்கும் அது சரியாகப் போய்ச் சேராது. அதற்குப் பிரஷ்தான். பேஸ்ட் நாய்க்கென்று விற்பதாக இருக்கட்டும், நம்முடையது வேண்டாம். அதைத் துப்ப நாய்க்குத் தெரியாது.

கொடுக்க ஆரம்பித்த பிறகு அவ்வப்போது உதட்டைத் தூக்கி, மேல் கடைவாயின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புக் கோடு ஏறிக்கொண்டே போனால் அந்தக் குச்சி உங்கள் நாய்க்கு உதவவில்லை, மாற்றுங்கள். ஆசையாக மென்ற நாய் திடீரென்று ஒரு பக்கமாகவே மெல்லத் தொடங்கினாலோ, வாயில் வாங்கிக் கீழே போட்டாலோ, குச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.