இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய ஊர்த் தேவாலயம் ஒன்றுக்குள் போனால், பலரும் வண்ணக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பலிபீடத்துக்கு முன்னால், இரு பக்கமும் பாடகர் குழுவுக்கான மர இருக்கைகள் இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அனுமதி கேட்டு, மடக்குப் பலகையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் சிறிய தாங்கு பலகை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் நீண்ட வழிபாட்டில் நின்றே ஆகவேண்டிய குருமார்கள் அதில் சற்றுச் சாய்ந்துகொள்வார்கள். அதற்குக் கீழேதான் அற்புதமான செதுக்கல்!

லட்லோ ஊரின் புனித லாரன்ஸ் ஆலயத்தில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்படிப்பட்ட இருக்கைகள் 28 உண்டு. அதில் ஒன்றில், அளவில் ஏமாற்றிய பீர்க்கடைக்காரியைப் பேய் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப்போகிறது. அவள் கையில் அந்த ஏமாற்றுக் குவளைகூட இருக்கிறது. மறைவான இடத்துக்கு இவ்வளவு உழைத்த தச்சரை நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

சின்ன டார்ச் கொண்டுபோங்கள். ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால் உளித்தடம்கூடத் தெரியும். அப்புறம் ஜன்னலையும் கவனியுங்கள்: அரைவட்ட வளைவு என்றால் பெரும்பாலும் 1200க்கு முந்தையது. ஒடுங்கிக் கூர்ந்திருந்தால் 13ஆம் நூற்றாண்டு.