கருப்பை வாய்ப் புற்றுநோய்: ஸ்கேன் பார்த்து உள்ளே கதிர் வைக்கும் நாளுக்கு ஆயத்தமாவது எப்படி

உடலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் (வெளிக்கதிர்) முடியும் தறுவாயில், "இனி உள்ளே வைக்கிற கரண்ட் (கதிர்) இருக்கு" என்று மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்கில் சொன்னதும் பயந்து திகதியைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வெளிக்கதிர் தொடங்கிய நாளிலிருந்து 8 வாரத்துக்குள் எல்லாமே முடிய வேண்டும். இழுபட்டால் மிஞ்சிய புற்றுக் கலங்கள் திரும்பப் பெருகும்.

வெளியிலிருந்து 25 தடவையில் கொடுக்கும் 45 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) மட்டும் கட்டிக்குப் போதாது. பிராக்கிதெரபியில், அதாவது உள்ளே கதிர் வைக்கும் சிகிச்சையில், பொதுவான ஒரு முறை, தடவைக்கு 7 கிரே வீதம் 4 தடவை. ஒரே தடவையில் கூடுதலாகக் கொடுக்கும் கதிருக்குத் தாக்கம் அதிகம் என்பதால், தடவைக்கு 2 கிரே கொடுத்ததற்குச் சமமாக மாற்றிக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 84 கிரே. ஸ்கேனில் கட்டியின் உருவத்தைப் பார்த்தே திட்டமிடுவதால் அதை 85, 90 வரை உயர்த்தலாம்; சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அவற்றின் எல்லைக்குள் காக்கலாம்.

சிகிச்சைக்கு முந்திய நாள் கீரை, பருப்பு, பலாக்காய் போன்ற நார்ச்சத்தும் வாயுவும் தருபவற்றை விடுங்கள். மலக்குடல் நிறைந்திருந்தால் அது கதிருக்குக் கிட்ட வந்துவிடும். காலையில் எனிமா கொடுப்பதும் இதற்குத்தான். மயக்க மருந்துக்கு முன் 6 மணித்தியாலம் சாப்பாடு கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள், அன்றைக்குக் காலையில் சொன்னால் திகதியே மாறிப்போகும். சிங்களத்தில் சொல்வது முழுதாக விளங்காவிட்டால், கையெழுத்திடும் முன் தமிழில் விளக்கும்படி கேளுங்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்த பிறகு சிறுநீர்க் குழாய் போடுவார்கள். அடுத்து கருப்பையின் நீளத்தை அளந்து, அதற்குள் மெல்லிய வளைகுழாய் ஒன்றையும் கருப்பை வாயைச் சுற்றி வளையம் அல்லது இரு முட்டை வடிவத் துண்டுகளையும் வைப்பார்கள். கட்டி சுருங்கிக் கருப்பை வாயின் துளை மறைந்திருந்தால் குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்துவிடலாம். வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடியே செலுத்துவது அதனால்தான். கட்டி பக்கவாட்டில் படர்ந்திருந்தால் சில ஊசிகளும் சேரும். கடைசியில் ஈரத் துணிச்சுருளை இறுக்கி அடைப்பார்கள். அது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளிவைக்கும், கருவியையும் அசையாமல் பிடிக்கும்.

அடுத்தது சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முழு வேலையின் உயிர்நாடி இதில்தான்: படம் எடுத்தபோது இருந்த நிலை கதிர் கொடுக்கும்போதும் இருக்க வேண்டும். கருவி ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலே சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் அளவு ஏறத்தாழ 5 வீதம் மாறலாம். ஆகவே திட்டம் தயாராகும் சில மணித்தியாலமும் நாரியைத் தூக்காதீர்கள், கால்களை மடிக்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் மாற்றுவதைத் தாதிமாரிடம் விடுங்கள். நோவு கூடினால் அடக்கிக்கொண்டு நெளிய வேண்டாம், "ரிதெனவா" (சிங்களத்தில் "நோகுது") என்று சொன்னால் உடனே மருந்து தருவார்கள். சிறுநீர்ப்பையை வெறுமையாக்கி, ஸ்கேனில் விட்ட அதே அளவு நீரைச் சிகிச்சைக்கு முன்பும் விடுவார்கள்.

கதிர் தருவது அரிசிமணியளவு இரிடியம்-192 என்ற கதிர்வீசும் உலோகம். அதன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகக் குறையும் காலம், 74 நாள். புதிய கதிர் மூலத்தில் 8 நிமிடம் எடுக்கும் அதே திட்டம் 74 நாள் கழித்து 16 நிமிடம் எடுக்கும். நேரம் கூடியதென்று பதற வேண்டாம். அறையில் தனியே இருப்பீர்கள், கமராவில் பார்த்துக்கொண்டும் ஒலிவாங்கியில் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். முடிந்ததும் கதிர் மூலம் இயந்திரத்துக்குள் திரும்பிவிடும். உங்கள் உடலில் கதிர் எதுவும் மிஞ்சாது, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம்.

இரண்டொரு நாள் சிறு இரத்தக்கசிவும் சிறுநீர் எரிவும் வழமை. மணிக்கு ஒரு பாட் நனைந்தால், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால், வயிற்று நோவு கடுமையானால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், அம்புலன்சுக்கு 1990.

கிளினிக்கில் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்று உண்டு. யோனி ஒட்டிச் சுருங்காமல் இருக்க, வைத்தியர் புண் ஆறிவிட்டதென்று சொன்னதும், விரிப்பான் ஒன்றை நீர்த்தன்மையான வழுக்குக் களிம்பு பூசி, வாரத்துக்கு 2, 3 தடவை 5 முதல் 10 நிமிடம் வைத்திருங்கள். கணவரோடு சேர்ந்திருப்பவருக்கு மட்டுமான வேலையல்ல இது. பின்னாளில் வைத்தியர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவும் அந்த வழி திறந்திருக்க வேண்டும்.