கம்பியின்றிக் கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை அனுப்பும் முறை

கைப்பேசியில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்க்க, பலரும் அவற்றைத் தமக்குத் தாமே மின்னஞ்சலிலோ செய்திச் செயலியிலோ அனுப்பிக்கொள்கிறார்கள். ஒரே மேசையில் அருகருகே இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே போக வேண்டிய கோப்பு, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள ஒரு சேவையகத்துக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி இறங்குகிறது. டேட்டா இருமுறை செலவாவதோடு, செய்திச் செயலிகள் பெரும்பாலும் படங்களைச் சுருக்கியே அனுப்புவதால் தெளிவும் குறைந்துவிடுகிறது. வீட்டிலுள்ள வைஃபை ரவுட்டரே இந்த வேலைக்குப் போதும். இரண்டு கருவிகளும் அதில் இணைந்திருந்தால், இணையச் சேவை நின்றுபோன நேரத்திலும் கோப்புகளை நேரடியாகப் பரிமாறிக்கொள்ளலாம்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது லோக்கல்சென்ட் என்னும் கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய அனைத்திலும் அது இயங்குகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் அதை நிறுவித் திறந்துவைத்துக்கொண்டு, அனுப்பும் கருவியில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்தால், அருகிலுள்ள கருவிகளின் பெயர்கள் திரையில் தோன்றும். உரிய பெயரைத் தொட்டு, மறுமுனையில் ஒப்புதல் கொடுத்தவுடன் கோப்புகள் செல்லத் தொடங்கும்.

சிக்கல் பெரும்பாலும் மறுகருவியின் பெயர் தோன்றாமல் போவதில்தான் வருகிறது. முதலில் இரண்டும் ஒரே வைஃபையில்தான் உள்ளனவா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று காண முடியாதபடி ரவுட்டரே பல நேரங்களில் தடுத்துவிடும். அடுத்து விண்டோஸ் அமைப்புகளில், வீட்டு வைஃபை பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தனியார் நெட்வொர்க் என மாற்றி, வெளி இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பான ஃபயர்வாலில் லோக்கல்சென்ட்டுக்கு அனுமதி அளியுங்கள். ஐஃபோனில், தனியுரிமை அமைப்புகளின் கீழ் உள்ளூர் நெட்வொர்க்கை அணுகும் அனுமதி அந்தச் செயலிக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். இணைப்பை வேறொரு சேவையகத்தின் வழியே திருப்பிவிடும் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அதைச் சற்று நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெயர் தெரியவில்லையென்றால், மறுகருவியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அக்கருவியைக் குறிக்கும் எண்ணை) நேரடியாக உள்ளிட்டு அனுப்பவும் வழி இருக்கிறது. வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

ரவுட்டரே இல்லாத இடத்தில், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கிக் கணினியை அதில் இணைத்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் இடையே செல்லும் கோப்புகளுக்கு மொபைல் டேட்டா செலவாகாது. ஆனால் இணையம் கிடைத்துவிட்டது என்று கருதிக் கணினி தன் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கத் தொடங்கக்கூடும். ஆகவே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவைப்பது நல்லது.

ஐஃபோனும் மேக் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு கோப்புகளை அனுப்பும் ஏர்டிராப் வசதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டும் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் அதேபோன்ற குவிக் ஷேர் செயலியைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். நியர்பை ஷேர் என்ற பெயரில் இருந்ததுதான் 2024 முதல் இப்பெயரில் வழங்குகிறது. புளூடூத்தை மட்டும் நம்பிப் பெரிய கோப்புகளை அனுப்ப வேண்டாம். அதன் வேகம் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட் மட்டுமே என்பதால், 1 ஜிபி காணொளி சென்று சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பெரிய தொகுப்பை அனுப்பும்போது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைத்து, ரவுட்டருக்கு அருகிலேயே இருங்கள். கைப்பேசித் திரை அணைந்தால் மின்சேமிப்பு அமைப்பு செயலியை நிறுத்திவிடக்கூடும் என்பதால், முடியும்வரை திரையை எரியவிடுங்கள். சேமிக்கும் இடம் எஃப்ஏடி32 என்னும் பழைய கோப்பு அமைப்பு முறையில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவாக இருந்தால், 4 ஜிபியைத் தாண்டும் தனிக் கோப்பை அது ஏற்காது.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் கைப்பேசியில் உள்ளவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். இருபுறமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, கடைசியாக வந்த காணொளியைக் கணினியில் இறுதிவரை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே அழியுங்கள்.