பச்சை டிக் வந்துவிட்டால் முட்டி மடங்கிவிட்டதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் எட்டுக்குப் பத்தடிதான். அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்ததும், கேமராவில் பார்த்து எண்ணிக்கை சொல்லும் பிசியோ ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் பச்சை டிக். பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் இழுக்கும்போது, அம்மா ஒரு பக்க இடுப்பைத் தூக்கி உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார். முட்டி மடங்கவே இல்லை.

எண்ணிக்கையை நம்பியதுதான் எங்கள் பெரிய தவறு. இடுப்பு, முட்டி, கணுக்கால் படத்தில் எங்கே இருக்கின்றன என்று கணித்துத்தான் ஆப் கோணம் சொல்கிறது. நைட்டியோ லுங்கியோ முட்டியை மூடியிருந்தால் அது ஊகம்தான். 2010-இல் வந்த, உடல் அசைவைப் பார்க்கும் கைனெக்ட் என்ற வீடியோ கேம் கேமராவில் தூரத்தை அளக்கவே அகச்சிவப்பு சென்சார் இருந்தது. போனின் சாதாரண கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் முட்டி மடக்கும் பயிற்சிக்கு நேரெதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் உட்காருங்கள். தெருவாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உருவம் இருட்டாகிவிடும். ஹாலில் இடம் போதாவிட்டால் போனைச் சமையலறை வாசலில் வைத்துப் பாருங்கள், முழு உடம்பும் படத்துக்குள் வரும்.

தோள் இறுக்கத்துக்குக் கை தூக்குபவர்கள் தோளைக் காதுவரை ஏற்றிவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்தால்தான் அது தெரியும். பக்கவாதம் வந்தவரைத் திரை முன்னால் தனியாக நிற்க வைக்கவே கூடாது. கண் திரையில் இருக்கும்போது கால் தடுமாறும்.

வலி ஆப்புக்குத் தெரியாது. பயிற்சியில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், சரி. மறுநாள் வீக்கம் கூடினால் அடுத்த லெவலுக்குப் போகாமல் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பிசியோதெரபிஸ்டுக்குப் பதிலாக ஆப் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். செலவுதான் தடையென்றால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. வருபவரிடம் ஆப்பைக் காட்டி, எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.